சங்கிலி போன வீடுகள்

வரதராஜன்பேட்டையைத் தாண்டி முந்திரித் தோப்புகளுக்குள் புகுந்து போகும் தார் ரோட்டில், லூர்து மாதாவின் குகைக் கோயிலான கெபிக்கு எதிரே இருக்கிற ஓட்டு வீடு அடைக்கலமேரியுடையது. அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஊர்ப் பிள்ளைகள் முழிப்பார்கள். ‘சங்கிலிக்காரம்மா வூடு’ என்று கேட்டால் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் வாசலில் விடுவார்கள்.

வசதியான வீடு என்று அதற்கு அர்த்தம் இல்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். வியாபாரி மூட்டையில் கொண்டுவந்து போடுகிற முந்திரிக் கொட்டையை உடைத்துப் பருப்பெடுத்துக் கொடுப்பதுதான் பிழைப்பு. கொட்டையின் பால் பட்டுப் பட்டு அவள் விரல்நுனி எல்லாம் கறுத்துத் தோல் உரிந்திருக்கும். புருஷன் லூர்துராஜ் சுண்ணாம்புக்கல் லாரியில் கிளீனராகப் போய்க்கொண்டிருந்தவர், முதுகு பிடித்துக்கொண்ட பிறகு வீட்டோடு நாலு ஆடு வைத்து மேய்க்கிறார். மகன் அருள் பிரகாஷ் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறான். மகள் கிறிஸ்டியை அரும்பாவூர்ப் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறது. அந்த வீட்டில் பொன் என்று இருந்தது ஒரே ஒரு சங்கிலிதான். கல்யாணத்துக்கு அவள் அம்மா போட்டது, நூல் போல மெல்லிசு. நுனியில் மாதா சுரூபம் பொறித்த பதக்கம், கட்டைவிரல் நகம் அளவு.

பிள்ளைகளுக்குக் காதுக்குக் கீழே தாடை வீங்கினால் பொன்னுக்கு வீங்கி என்பார்கள். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசி, கழுத்தில் பொன் போட்டு வைப்பார்கள். பொன் இல்லாத வீட்டார் இருக்கிற வீட்டில் வாங்கிப் போடுவார்கள். அடைக்கலமேரியின் மகனுக்கு ஏழு வயதில் அது வந்தது. வந்தவர்களுக்கெல்லாம் வாரத்தில் வடிந்துவிடும் வீக்கம் அவனுக்கு இரண்டு பக்கமும் ஏறி, காய்ச்சல் தலைக்குப் போய்ப் பிதற்ற ஆரம்பித்துவிட்டான். கைக்குழந்தையாக இருந்த கிறிஸ்டியைச் செந்துறையில் அம்மாயி வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு, சங்கிலியை மகன் கழுத்தில் போட்டு, கெபி முன்னால் முழங்காலில் நின்றாள். “தாயே, இவனை எனக்குத் திருப்பிக் குடுத்துடு. பிள்ளைக்குன்னு யார் வந்து கேட்டாலும் இந்தச் சங்கிலிய இல்லேன்னு சொல்ல மாட்டேன்” என்றாள். பையன் பிழைத்தான். அவளும் அன்றைக்குச் சொன்ன சொல்லைத் தவறவிட்டதில்லை.

அப்படி வீடு வீடாகப் போனதில் சங்கிலிக்கென்று ஒரு முறையே உண்டாகிவிட்டது. வீக்கம் வடிய ஆரம்பித்த பிள்ளை தன் கையாலேயே அதைக் கழற்றி, அடுத்த பிள்ளை வீட்டுக்கு நடந்துபோய், அதன் கழுத்தில் போட வேண்டும். நடுவில் பெரியவர் கை படக் கூடாது. நல்லான பிள்ளையின் கைராசி அடுத்த பிள்ளைக்கும் போகும் என்று நம்பிக்கை. கோயில் தெரு, கிழக்குத் தெரு என்ற பேதம் சங்கிலிக்கு இருந்ததில்லை. கோயில் தெருக்காரர்கள் கிழக்குத் தெரு வீடுகளில் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார்கள். பள்ளிக்கூடம் வேறு, குழாயடி வேறு. ஆனால் கோயில் தெருப் பிள்ளை கழற்றிய சங்கிலி கிழக்குத் தெருப் பிள்ளை கழுத்தில் ஏறும். அதில் அடைக்கலமேரிக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் உண்டு.

இந்த வருஷம் தை மாதத்திலேயே வீக்கம் ஆரம்பித்துவிட்டது. ஒரே சமயத்தில் ஏழெட்டு வீட்டில் வந்தது. தாய்மார்களுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. வராத பிள்ளைக்கும் முன்கூட்டியே ஒரு நாள் போட்டு எடுத்துவிட்டால் வராமலே போய்விடும் என்று யாரோ சொல்ல, அதுவும் வழக்கமாயிற்று. இல்லை என்று சொல்லாதவள் அதற்கும் இல்லை என்று சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் சண்முகப்பிரியா வந்தாள். திருச்சியில் ஏதோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் படிப்பு. ஊர் நர்ஸம்மா கூட்டிக்கொண்டு வந்தாள். கையில் பலகை போல, தொட்டு எழுதுகிற ஒரு டேப்.

“நேத்து காலையில எந்திரிச்சதுலேருந்து படுக்கற வரைக்கும் யார் யார்கிட்ட மூஞ்சிக்கு நேரா பேசுனீங்கன்னு சொல்லுங்கம்மா” என்று கேட்டாள்.

“ஏம்மா, யாராவது கோள் சொல்லிட்டாங்களா?” என்றாள் அடைக்கலமேரி.

ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்த லூர்துராஜ் திரும்பினார். “ஆட்டையும் சேத்துக்கணுமா பாப்பா? நான் நாளு பூரா அதுங்ககிட்டதான் பேசிக்கிட்டிருக்கேன். இவ என்கிட்ட பேசறதில்ல.”

பெண் சிரித்துவிட்டாள். ஆட்டை விட்டுவிட்டு மற்றதெல்லாம் எழுதிக்கொண்டாள். பேசியவருக்கு என்ன வயது, எந்தத் தெரு, எவ்வளவு நேரம், தொட்டுப் பேசினீர்களா என்று ஒன்று விடாமல் கேட்டாள். அடைக்கலமேரி பூசைக்குப் போனது, வியாபாரி வந்தது, பக்கத்து வீட்டில் தீப்பெட்டி வாங்கியது எல்லாம் சொன்னாள். சங்கிலியைப் பற்றிச் சொல்லவில்லை. மறைக்க நினைத்ததில்லை. சங்கிலி போகிற இடத்துக்கு அவள் போவதில்லையே, அதை யாரிடம் பேசினதாகச் சொல்வது?

மாதா திருநாள் வந்து, தேர் ஓடி, விருந்தாளிகள் எல்லாம் ஊர் திரும்பிய பிறகு சண்முகப்பிரியா மறுபடி வந்தாள். முகம் வாடியிருந்தது.

“கணக்கு ஒத்து வரலம்மா” என்று பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“என்ன கணக்கு கண்ணு அது? எனக்குப் புரியறாப்புல சொல்லேன்.”

அந்தப் பெண் முறத்தில் கிடந்த கொட்டைகளை அள்ளப் போனாள். “பாலு பட்டுச்சுன்னா கை வெந்துடும்” என்று அடைக்கலமேரி தடுத்து, தானே அள்ளிக் குவித்தாள். அந்தப் பெண் அதைக் காட்டிச் சொன்னாள்: “ஊர் முழுக்க ஒரே குவியல்னு வெச்சுக்குங்க. எல்லாரும் எல்லார்கூடவும் பழகறாங்க. அப்படின்னா கணக்கு லேசு. ஒருத்தருக்கு வந்தா அவர் எத்தனை பேருக்குக் குடுப்பார்னு தெரிஞ்சா போதும், எப்ப ஏறும், எப்ப இறங்கும்னு சொல்லிடலாம். ஆனா ஊர் அப்படி இல்லீங்களே. இப்ப இதை நாலு குவியலா பிரிங்க. இது கோயில் தெரு, இது கிழக்குத் தெரு, இது பள்ளிக்கூடம், இது தோப்பு வேலைக்குப் போறவங்க. குவியலுக்குள்ள வேகமா பரவும். ஒரு குவியல்லேருந்து இன்னொண்ணுக்குப் போக நடுவுல ஆள் வேணும். அந்த ஆள் எத்தனை பேர், எவ்வளவு பழக்கம்னு பாக்கத்தான் அன்னைக்கு அத்தனை கேள்வி கேட்டேன்.”

“சரி.”

“ஒருத்தர்கிட்டேருந்து சராசரியா ஒருத்தருக்கும் கொறைவா போச்சுன்னா, நோய் தானா அவிஞ்சுடும்.”

“ஒருத்தருக்கும் கொறைவான்னா? அதென்னம்மா முக்கா ஆளு?”

“அது சராசரிம்மா. நாலு பேர் சேந்து மூணு பேருக்குக் குடுத்தா ஆளுக்கு முக்கால். அடுத்த சுத்துல இன்னும் கொறையும்.” பெண் கிழக்குத் தெருக் குவியலைக் காட்டினாள். “கோயில் தெருவுக்கும் இதுக்கும் பிள்ளைங்க பழக்கமே இல்ல. பள்ளிக்கூடம் வேற, விளையாடற இடம் வேற. கணக்குப்படி இங்க வந்து சேர ரொம்ப நாள் ஆகணும். ஆனா கோயில் தெருவுல ஏறுன கையோட இங்கயும் ஏறியிருக்கு. அதுவும் பக்கத்துப் பக்கத்து வூடு இல்ல. இங்க ஒண்ணு, அங்க ஒண்ணு. என் கண்ணுக்குத் தெரியாம ஏதோ பிள்ளைங்க போக்குவரத்து இருக்கு. அதைத்தான் காணோம்.”

அடைக்கலமேரியின் கை கொட்டைமேல் நின்றுவிட்டது. கிழக்குத் தெருவில் வீக்கம் வந்த வீடுகளை மனசுக்குள் ஒன்றொன்றாகப் போய்ப் பார்த்தாள். எல்லாம் சங்கிலி போன வீடுகள்.

சொல்லிவிட்டாள். கழற்றுகிற பிள்ளையே கொண்டுபோய்ப் போடுவது, போட்டுவிட்டு அந்த வீட்டில் உட்கார்ந்து ஒரே தட்டில் பலகாரம் தின்று விளையாடிவிட்டு வருவது, வராத பிள்ளைக்கும் போட ஆரம்பித்தது, எல்லாம்.

சண்முகப்பிரியா அத்தனையையும் டேப்பில் குறித்துக்கொண்டாள். பிறகு, “சங்கிலி மேல ஒண்ணும் இல்லம்மா. அதைத் தூக்கிட்டுப் போற பிள்ளைகிட்டதான் இருக்கு. வீக்கம் வடிய ஆரம்பிச்சாலும் எச்சில்ல கொஞ்ச நாளைக்கு இருக்கும். இருமினா, ஒரே டம்ளர்ல குடிச்சா ஒட்டிக்கும். வந்த பிள்ளைகிட்டேருந்து வராத பிள்ளைகிட்ட நாமே கூட்டிட்டுப் போய் விட்டுருக்கோம்” என்றாள். பழி சொல்கிற குரல் இல்லை. அதுவே அடைக்கலமேரிக்குத் தாங்கவில்லை.

“இப்ப நிறுத்திட்டா?”

“இதைச் சேத்துப் போட்டுப் பாக்கணும். நிறுத்திட்டா ரெண்டு தெருவுலயும் சீக்கிரம் அவிஞ்சுடும்னுதான் நெனக்கிறேன். உறுதியா சொல்ல மாட்டேன். கணக்குதானே.” எழுந்தவள் திரும்பி நின்றாள். “வெளியூருக்குப் போச்சாம்மா சங்கிலி?”

போகவில்லை என்று சொல்ல வாயெடுத்தவளுக்கு ஆன்சியின் நினைவு வந்தது.

ஆன்சி கிறிஸ்டியின் மச்சாண்டார் மகள், புருஷனுக்கு அண்ணன் பெண். திருநாளுக்குச் சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். கிறிஸ்டி வரவில்லை. கல்யாணமாகி ஐந்து வருஷம் காத்திருந்து, ஒன்று கலைந்து, இப்போதுதான் தங்கியிருக்கிறது. பஸ்ஸில் குலுங்கக் கூடாது என்று வீட்டிலேயே விட்டிருந்தார்கள். தேர் திரும்புகிற நேரத்தில் வீக்கம் வடிந்துகொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பையன் கழுத்திலிருந்து, முறையையும் பார்க்காமல், தன் கையாலேயே சங்கிலியைக் கழற்றி ஆன்சி கழுத்தில் போட்டது அடைக்கலமேரிதான். ‘வராம இருக்கட்டும் தாயே’ என்று சொல்லிப் போட்டாள். பையனும் ஆன்சியும் ஒரே பலூனை மாற்றி மாற்றி ஊதிக்கொண்டு திரிந்தார்கள். அன்று இரவே சங்கிலியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அவர்கள் அரும்பாவூருக்குத் திரும்பிவிட்டார்கள்.

நர்ஸம்மாவைத் தனியாகப் பிடித்துக் கேட்டாள். “மாசமா இருக்கறப்ப இது வந்தா என்னம்மா ஆவும்?”

“ஒண்ணும் ஆகாதுன்னும் சொல்றாங்க. மொதல் மூணு மாசத்துல வந்தா கரு தங்கறது கஷ்டம்னும் சொல்றாங்க. இதுக்குண்டான ஊசிய மாசமா இருக்கறவங்களுக்குப் போடவும் கூடாது. கிறிஸ்டிக்குச் சின்னதுல வந்துருக்கா? வந்துருந்தா மறுக்கா வராது.”

வரவில்லை. வரவிடாமல் செந்துறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவள் அவள்தானே.

அன்றிலிருந்து அவளுக்குக் கண் வேறு மாதிரிப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. சாம்பல் புதன் பூசையில் வாசல் தீர்த்தத் தொட்டியில் ஒருவர்பின் ஒருவராக விரல் நனைப்பதைப் பார்த்தாள். சாமியார் நாக்கு நாக்காக நன்மை அப்பம் வைத்துக்கொண்டே வருவதைப் பார்த்தாள். ஒவ்வொரு விரலிலிருந்தும் ஒவ்வொரு வாயிலிருந்தும் மெல்லிசாக ஒரு கோடு கிளம்பி அடுத்தவர்மேல் ஒட்டுவதாகத் தோன்றியது. நல்லது செய்கிறோம் என்று நினைத்துக் கோடு கோடாக இழுத்தது நான்தானா என்று செபமாலை உருட்டும்போதும் அதே நினைப்பு. இப்போது இல்லை என்று சொன்னால் மாதாவுக்குக் கொடுத்த வாக்கு போகும். கொடுத்தால் பிள்ளைகள் போகும். யாரிடம் கேட்பது? சாமியாரும் பூசை முடிந்த கையோடு தியானத்துக்குப் போய்விட்டார்.

கிழக்குத் தெரு இருசம்மாள் மறுநாள் வந்தாள். எட்டு வயது மகன் கலைச்செல்வனையும் கூட்டி வந்திருந்தாள். அவன் கன்னம் வீங்கவில்லை.

“மேரிக்கா, நம்ம கலைப்பயலுக்கு இன்னும் வரல. எதுத்த வூட்டுல வந்துடுச்சு. ஒரு நாளைக்குச் சங்கிலிய குடுங்க. போட்டு எடுத்துத் தந்துடறேன்.”

“இப்ப வாணாம் இருசு.”

“ஏன், ஆரு கழுத்துல கெடக்கு?”

“எங்கிட்டதான் இருக்கு.” பொய் சொல்ல வரவில்லை. “இது ஒருத்தர்கிட்டேருந்து ஒருத்தருக்கு ஒட்டுதாம். அந்தத் திருச்சிப் பாப்பா கணக்குப் போட்டுச் சொல்லுச்சு.”

“ஓகோ. எங்க தெருவுக்கு வந்தா ஒட்டிக்கும்னு கணக்குல வந்துச்சாக்கும்.”

“ஐயோ, அப்படி இல்ல இருசு...”

“இத்தன வருசம் ஒட்டாதது இப்ப ஒட்டுதா? மாதா மட்டும்தான் எங்க தெருவுக்கும் இறங்கி வர்றாங்கன்னு எங்க மாமியா வாய் ஓயாம சொல்லும். இப்ப மாதாவுக்கும் தெரு பாக்கத் தெரிஞ்சுபோச்சு.” மகன் கையை இழுத்துக்கொண்டு இறங்கினாள். “வாடா. தங்கம் தேஞ்சுடப் போவுது.”

அடைக்கலமேரி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் இல்லை என்று சொன்னது அதுதான் முதல் தடவை. எதிரே கெபியில் மாதா இருந்தாள். நிமிர்ந்து பார்க்கப் பயமாக இருந்தது.

அந்த வாரக் கடைசியில் கிறிஸ்டி போன் செய்தாள்.

“அம்மா, ஆன்சிக்கு ஒரு பக்கம் கன்னம் லேசா உப்பிருக்கு. எங்க அத்தை சங்கிலி வாங்கறதுக்கு நாளைக்கு அங்க வராங்க.”

“நீ அந்தப் புள்ளைகிட்ட போவாத கிறிஸ்டி. எட்டியே இரு.”

“எப்படிம்மா எட்டி இருக்கறது? தினம் எங்கூடத்தான் படுக்குது. என் தட்டுலதான் சாப்புடுது.”

“எப்பலேருந்து?”

“எப்பலேருந்துன்னா? என்னைக்கும்தான். நீ ஏன் இப்படி மூச்சு வாங்கற? அத்தை வந்தா சங்கிலிய குடு. ரெண்டு நாள் நானும் போட்டுக்கறேன். ஊருக்கெல்லாம் குடுத்தியே, எனக்கு இல்லாமலா?”

“ஒனக்குக் குடுக்க மாட்டேன்.”

மகள், “சரி” என்று ஒரே சொல்லில் வைத்துவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் சம்பந்தியம்மாள் ஞானசௌந்தரி ஆன்சியோடு வந்து இறங்கினாள். பிள்ளையின் முகத்தைத் துண்டால் காதோடு சேர்த்துக் கட்டியிருந்தது. அரும்பாவூரில் ஏறி, பெரம்பலூரில் மாறி, அரியலூரில் மாறி வந்திருக்கிறார்கள். “எடமே இல்ல சம்பந்தி. பாவம், யாரோ புண்ணியவதி மடியில வெச்சுக்கிட்டாங்க” என்று ஞானசௌந்தரி சொல்லச் சொல்ல, அந்தப் புண்ணியவதியும் பக்கத்து சீட்டுக்காரியும் அவர்கள் போய்ச் சேர்ந்த வீட்டுப் பிள்ளைகளும் அடைக்கலமேரியின் கண்முன் வரிசையாக வந்தார்கள். அவர்கள் எந்த ஊரோ, என்ன பேரோ. அவர்களுக்காகவும் ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டாள்.

மோர் கொடுத்தாள். பிறகு சங்கிலியை எடுத்துவந்து, நல்லான பிள்ளை யாரையும் கூப்பிடாமல், தன் கையாலேயே ஆன்சி கழுத்தில் போட்டாள்.

“அப்ப நாங்க கெளம்பறோம் சம்பந்தி. நாலு மணி பஸ்ஸைப் புடிச்சாத்தான் ஆவும்.”

“நீங்க போயிட்டு வாங்க. புள்ள இங்க இருக்கட்டும்.”

ஞானசௌந்தரிக்குப் புரியவில்லை. “புள்ளைய விட்டுட்டா? அதோட அம்மா என்னை வூட்டுக்குள்ள சேப்பாளா?”

“நல்லாகற வரைக்கும் இருக்கட்டும். எனக்கும் இவருக்கும் சின்ன வயசுலேயே வந்து போயிடுச்சு. எங்களுக்கு ஒட்டாது. கிறிஸ்டிக்கு வந்ததில்ல சம்பந்தி. வயித்துல இருக்கறது தங்கணும்.”

“அதுக்குத்தானே சங்கிலி?”

“சங்கிலி இனிமே ஒரு கழுத்துல ஏறுனா, அந்தப் புள்ள நல்லாகிற வரைக்கும் அந்த வூட்டைவிட்டு வெளிய போவாது. புள்ளையும் போவாது.”

ஞானசௌந்தரி மோர்ச் சொம்பைத் தரையில் வைத்தாள். “சவரன் விக்கிற வெலையில வெளியூர் அனுப்பப் பயமாத்தான் இருக்கும். அதை நேரா சொல்லிருக்கலாம். புள்ளைய எதுக்கு அடமானமாக் கேக்கறீங்க?”

லூர்துராஜ் பொதுவாக இந்த மாதிரிப் பேச்சில் தலையிட மாட்டார். அன்று ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து ஆன்சி மடியில் விட்டார். “பாப்பா, இதுக்கு ஒன்ன மாதிரியே கழுத்துல மணி கட்டிருக்கேன் பாரு. நீ இருந்தா இது பால் குடிக்கும். இல்லேன்னா அழும்.” பிள்ளை துண்டுக்குள்ளிருந்து சிரித்தது. சிரித்ததும் வலித்து, “ஸ்ஸ்” என்றது. “நான் இருக்கேன் அப்பாயி” என்றது பாட்டியைப் பார்த்து.

ஞானசௌந்தரி கோபமாகத்தான் போனாள். நாலு மணி பஸ்ஸுக்குத் தனியாகப் போனாள்.

சண்முகப்பிரியாவிடம் போனில் சொன்னபோது அந்தப் பெண் தயங்கினாள். “நல்ல காரியம்தாம்மா. ஆனா கன்னம் வீங்கறதுக்கு முன்னாடியே ஒட்டும். கிறிஸ்டி அக்காவுக்கு ஏற்கெனவே வந்து சேந்திருக்கலாம். தெரிய ரெண்டு மூணு வாரம் ஆகும். இனிமே ஒட்டறதை நிறுத்திருக்கீங்க, அவ்வளவுதான் சொல்ல முடியும்.”

அந்த வாரங்களைப் போல அடைக்கலமேரி தன் ஆயுசில் பட்டதில்லை. காலையில் எழுந்ததும் அரும்பாவூருக்குப் போன். “எச்சில் முழுங்கினா வலிக்குதா?” “இல்லம்மா.” “காதுக்குக் கீழ அமுக்கிப் பாரு.” “அமுக்கி அமுக்கியே வீங்கிடும் போலருக்கு, போன வெய்யிம்மா.” பேசுகிற தோரணையிலிருந்து மகளுக்கு இன்னும் கோபம் போகவில்லை என்று தெரியும். குரல் தெளிவாக இருக்கிறதா, அதுதான் அவளுக்கு வேண்டும். தவக்காலம் ஆனதால் வெள்ளிக்கிழமை ஒரு பொழுது இருப்பாள். இந்த வருஷம் மற்ற நாளிலும் சோறு இறங்கவில்லை. ஆன்சிக்குக் கஞ்சியைக் கரைத்து ஊட்டிவிட்டு மிச்சத்தைக் குடிப்பாள்.

ஆன்சிக்கு வடிந்தது. முழுசாக வடிந்து, அதற்குமேலும் ஒரு வாரம் வைத்திருந்துதான் அனுப்பினாள். ஊர்ப் பிள்ளைகள் யாரும் வரக் கூடாது என்று வாசலில் லூர்துராஜ் ஆடுகளோடு காவல் இருந்தார். ஊருக்குள்ளும் புதுசாக வீங்குவது குறைந்தது. சங்கிலியை நிறுத்தியதாலா, வரவேண்டியவர்களுக்கெல்லாம் வந்து தீர்ந்ததாலா என்று கேட்டதற்குச் சண்முகப்பிரியா, “ரெண்டும் இருக்கும். எது எவ்வளவுன்னுதான் இனிமே பாக்கணும்” என்றாள்.

குறைந்துகொண்டு வந்த நேரத்தில் இருசம்மாள் மகன் கலைச்செல்வனுக்கு வந்தது. அவள் கேட்டு வரவில்லை. ஆள் மூலமாகக் காதில் விழுந்ததும் அடைக்கலமேரி சங்கிலியை மஞ்சள் தண்ணீரில் கழுவி, முந்தானையில் முடிந்துகொண்டு கிழக்குத் தெருவுக்கு நடந்தாள். இருசம்மாள் நிலைப்படியில் நின்றாள். வாங்க என்று சொல்லவில்லை.

“இப்ப ஒட்டாதா?”

“வந்தவனுக்கு இனிமே என்ன இருசு ஒட்டறது. அன்னைக்கு அவன் நல்லா இருந்தான். அதான் குடுக்கல. எனக்குச் சொல்லத் தெரியல.”

“எப்பத் திருப்பித் தரணும்?”

“அவன் நல்லாகட்டும். அதுக்கப்புறமும் ஒன் வூட்டுலேயே இருக்கட்டும். ஆரு கேட்டாலும் பயகிட்ட குடுத்து அனுப்பாத. நான் வந்து வாங்கிக்கறேன்.”

இருசம்மாள் அவள் முகத்தையே பார்த்தாள். சமாதானமான பார்வை என்று சொல்ல முடியாது. ஆனாலும் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

அதற்கடுத்த நாள் விடிந்ததும் அடைக்கலமேரி போன் செய்வதற்கு முன்னால் போன் வந்தது.

“அம்மா,” கிறிஸ்டியின் குரல் குழறியது. “வாய் தொறக்க முடியல. காதுக்குக் கீழ விண்ணு விண்ணுன்னு வலிக்குது. வீங்கிருக்கு.” அதற்குமேல் அழுகைதான்.

லூர்துராஜ், “இருசு வூட்டுல போயி சங்கிலிய வாங்கிட்டு வந்துடட்டுமா?” என்று சட்டையை எடுத்தார்.

“வேணாம்” என்றாள். “குடுத்ததைப் புடுங்கறதா? அந்தப் பயலும் இப்ப வீக்கத்தோட கெடக்கான்.” கட்டியிருந்த புடவையோடு பஸ்ஸுக்கு ஓடினாள்.

ஜெயங்கொண்டம் போய், அரியலூரில் மாறி, பெரம்பலூரில் மாறி. வழியெல்லாம் சிமென்ட் லாரிகள் மறித்து மறித்துப் போயின. ஜன்னலோரம் உட்கார்ந்தும் காற்று வரவில்லை. பக்கத்தில் ஒரு கைக்குழந்தைக்காரி வந்து உட்கார்ந்தபோது, தன்மேல் என்ன ஒட்டிக்கொண்டிருக்கிறதோ என்று எழுந்து நின்றுகொண்டாள். கண்டக்டர், “ஏம்மா, எடம் இருக்குல்ல, ஒக்காரு” என்று கத்தினார். “நின்னுக்கிறேன் தம்பி” என்றாள். ‘என் கையால போட்டேனே, என் கையால போட்டேனே’ என்பதைத் தவிர அவளுக்கு வேறு செபம் வாயில் வரவில்லை.

ஆஸ்பத்திரிக்கே வரச் சொல்லியிருந்தார்கள். பெஞ்சில் கிறிஸ்டி கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஞானசௌந்தரி. மகள் நிமிர்ந்து தாயின் வெறும் கையைத்தான் முதலில் பார்த்தாள்.

“கொண்டாரலியா?”

“இல்ல கண்ணு. ஒரு பையனுக்குப் போட்டிருக்கு.”

கிறிஸ்டி தாயின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

டாக்டரம்மா காதடியை அமுக்கிப் பார்த்தார். டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்தார். ஒரு குச்சியால் கடைவாயில் தொட்டதும் கிறிஸ்டி அலறினாள். அடைக்கலமேரி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“பொன்னுக்கு வீங்கி இல்ல” என்றார் டாக்டரம்மா. “கடைசிப் பல்லு முளைக்குது. ஈறு கிழிஞ்சு சீழ் வெச்சிருக்கு. மாசமா இருக்கறப்ப ஈறு இப்படித்தான் வீங்கும். உப்புத் தண்ணியில கொப்புளிக்கட்டும், மாத்திரை எழுதறேன்.”

ஞானசௌந்தரிதான் முதலில் வாயைத் திறந்தாள். “நல்லா இருக்குடி. பொறக்கப் போற புள்ளைக்குப் பல்லு மொளைக்கறதுக்கு முன்னாடி ஒனக்கு மொளைக்குதா?” கிறிஸ்டி சிரிக்கப் போய், வலித்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டே சிரித்தாள்.

அடைக்கலமேரி டாக்டரம்மா பக்கத்தில் போனாள். “அம்மா, வூட்டுல ஒரு புள்ளைக்கு வந்துச்சு. இனிமே இவளுக்கு வராதுங்களா?”

அவர் எப்போது வந்தது, எப்போது பிரித்துவைத்தது என்று கேட்டுக்கொண்டார். “அந்தப் பிள்ளைகிட்டேருந்து வர்றதா இருந்தா இந்நேரம் வந்திருக்கணும். கிட்டத்தட்ட தாண்டியாச்சு.”

“கிட்டத்தட்டன்னா?”

“கிட்டத்தட்டன்னா கிட்டத்தட்டதாம்மா. வயித்துல பிள்ளை நல்லாருக்கு. போய்ட்டு வாங்க.”

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் உட்கார்ந்தார்கள். கிறிஸ்டிக்குப் பால் சொன்னார்கள். ஞானசௌந்தரி இரண்டு இட்லி வாங்கிவந்து, இலையை அடைக்கலமேரி முன்னால் தள்ளினாள்.

“சாப்புடுங்க சம்பந்தி. மூஞ்சியப் பாத்தா சாப்பாடு பாத்து மாசம் ஆனாப்புல இருக்கு. ஆன்சி வேற தினம் கேட்டுக்கிட்டிருக்கு, அந்த ஆட்டுக்குட்டிய எப்பக் குடுப்பீங்கன்னு.”

“வளரட்டும். வந்து புடிச்சுட்டுப் போகச் சொல்லுங்க” என்றாள் அடைக்கலமேரி. இட்லியைப் பிட்டு வாயில் வைத்தாள். சட்னி கண்ணில் தண்ணீர் வரும் காரம். இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.